டெல்லிக்கு மனு எழுதணுமா? எந்த விஷயம் எந்த அமைச்சகத்துல கெடக்குன்னு கண்டுபுடிக்கிறது எப்படி

ஏற்காட்டுல காபித் தோட்டம் வெச்சிருக்கறவங்க மத்திய அரசுக்கு ஏதாச்சும் எழுதணும்னா மொதல்ல கை போறது விவசாய அமைச்சகத்துக்குத்தான். காபி செடி, செடின்னா விவசாயம், இதுல யோசிக்க என்ன இருக்குன்னு நெனைப்பாங்க. ஆனா காபி அங்க இல்லீங்க. காபி வாரியம் இருக்கறது வர்த்தகம் மற்றும் தொழில் அமைச்சகத்துக்குக் கீழ. ரெண்டாம் உலகப்போர் சமயத்துல ஏற்றுமதி படுத்துப்போயி, தோட்டக்காரங்கள காப்பாத்த 1942ல காபி சட்டம்னு ஒண்ணு போட்டாங்க, அப்போ இருந்தே காபிய சர்க்கார் ஒரு பயிரா பாக்கறத விட ஒரு சரக்காத்தான் பாத்துட்டு வருது. அதனால ஏற்காட்டு காபி விலையோ, வாரியத்தோட மானியமோ, எதுவா இருந்தாலும் வேளாண் அமைச்சகத்துக்கு போட்ட லெட்டர் அங்க இங்க சுத்திட்டு கடைசில வர்த்தகத்துக்குத்தான் போகும், இல்லன்னா எங்கயாச்சும் மேஜைல தூங்கும்.

இந்த மாதிரி நெறைய இருக்கு. நம்ம பக்கத்துல மனு எழுதறவங்க, சங்கம் வெச்சிருக்கறவங்க எல்லாரும் அமைச்சர் பேரத்தான் தேடுறாங்க, யாரு மந்திரி, நம்மாளா, எந்த கட்சி, அவருக்கு தெரிஞ்சவங்க யாரு சேலத்துல இருக்காங்கன்னு. பேரு மாறிட்டே இருக்கும்ங்க. மாறாம நிக்கறது எந்த விஷயம் எந்த துறைக்குன்னு எழுதி வெச்ச பட்டியல்தான், அதப் படிக்கத் தெரிஞ்சா போதும். அதுக்கு முன்னாடி டெல்லில அமைச்சரவை எப்படி அடுக்கி வெச்சிருக்காங்கன்னு கொஞ்சம் தெரிஞ்சுக்கணும், அதையே மொதல்ல சொல்லிடறேன்.

டிவில கேபினட் கேபினட்னு சொல்றது ஒண்ணு, அரசியலமைப்புல இருக்கற அமைச்சர்கள் குழு வேற ஒண்ணு. 74வது பிரிவு சொல்றது அமைச்சர்கள் குழுவ, பிரதமர் தலைமையில குடியரசுத் தலைவருக்கு ஆலோசனை சொல்ல ஒரு குழு இருக்கணும்னு. இதுல எல்லா ரேங்க் மந்திரியும் வருவாங்க. கேபினட்ங்கறது அதுக்குள்ள இருக்கற சின்ன வட்டம், மூத்த மந்திரிங்க மட்டும் உக்காந்து முடிவு எடுக்கற எடம். வேடிக்கை என்னன்னா அந்த வார்த்தையே அரசியலமைப்புல மொதல்ல கெடையாது, எமர்ஜென்சி முடிஞ்சப்புறம் 1978ல 44வது திருத்தம் கொண்டுவந்தப்போ 352வது பிரிவுல நொழைச்சாங்க, இனிமே கேபினட் எழுத்துல எழுதி குடுத்தாத்தான் குடியரசுத் தலைவர் நெருக்கடி நிலைய அறிவிக்கலாம்னு. 1975ல ராத்திரியோட ராத்திரியா அறிவிப்பு போட்டுட்டு காலைல கேபினட்டுக்கு சொன்ன கதை எல்லாருக்கும் தெரியும், அதுக்கு போட்ட பூட்டு அது.

எத்தனை பேரு இருக்கலாம்னும் ஒரு கணக்கு இருக்கு. 2003ல வந்த 91வது திருத்தப்படி பிரதமரையும் சேத்து லோக்சபா உறுப்பினர் எண்ணிக்கைல நூத்துக்கு 15க்கு மேல போகக்கூடாது. 543ல போட்டுப் பாத்தா 81. 2024 ஜூன் 9ம் தேதி மோடி மூணாவது தடவை பதவியேத்தப்போ பிரதமரோட சேத்து 72 பேரு, அதுல கேபினட் மந்திரி 30, தனிப்பொறுப்பு இணை அமைச்சர் 5, வெறும் இணை அமைச்சர் 36. அதாவது மந்திரின்னு கார்ல சுத்தறவங்கள்ல பாதிக்கு மேல கேபினட் கூட்டத்துல உக்கார மாட்டாங்க, கூப்பிட்டா மட்டும் போகலாம்.

இந்த ரேங்க் விஷயம் மனசுல நிக்கணும்னா நம்ம பழைய சேலம் மாவட்டத்து ஆளுங்களயே வெச்சு பாத்துக்கலாம், வெளியூரு போக வேண்டியதே இல்ல. 1917ல சேலம் நகராட்சித் தலைவரா இருந்த ராஜாஜி, கவர்னர் ஜெனரல் பதவியெல்லாம் முடிச்சுட்டு 1950ல நேரு கேபினட்ல போய் சேந்தாரு, ஆனா இலாகா எதுவும் கெடையாது. இலாகா இல்லாத அமைச்சர்னு ஒரு வகை அப்படித்தான், கூட்டத்துல உக்காருவாரு, பேசுவாரு, முடிவுல பங்கு உண்டு, கையெழுத்து போட ஒரு ஃபைலும் இருக்காது. அந்த வருஷம் டிசம்பர்ல படேல் காலமானப்புறம்தான் உள்துறை அவரு கைக்கு வந்துச்சு. அடுத்து குமாரமங்கலம் குடும்பம், அந்த ஊரு இப்ப நாமக்கல் மாவட்டத்துல இருந்தாலும் அன்னைக்கு சேலம் மாவட்டம்தானே. சுப்பராயன் 1959ல இருந்து 62 வரைக்கும் போக்குவரத்து, தகவல் தொடர்பு மந்திரி. அவரு பையன் மோகன் குமாரமங்கலம் இந்திரா காந்தி கேபினட்ல எஃகுத்துறையும் சுரங்கமும் பாத்தாரு, 1973 மே மாசம் டெல்லில நடந்த விமான விபத்துல போயிட்டாரு. அவரு பையன் ரங்கராஜன் குமாரமங்கலம் சேலத்துல 84, 89, 91னு வரிசையா ஜெயிச்சவரு, நரசிம்ம ராவ் காலத்துல இணை அமைச்சர், அப்புறம் கட்சி மாறி திருச்சில ஜெயிச்சு 98ல வாஜ்பாய் கேபினட்ல மின்சார மந்திரி. ஒரே ஆளு கேபினட்டுக்கு வெளியவும் இருந்துட்டு உள்ளயும் இருந்திருக்காரு. இணை அமைச்சரா இருந்தப்போ அவரு மேல ஒரு கேபினட் மந்திரி இருந்தாரு, மின்சாரத்துல அவரே மேல. வித்தியாசம் அவ்ளோதான், ஆனா பெரிய வித்தியாசம்.

நடுவுல இருக்கற தனிப்பொறுப்பு இணை அமைச்சர்தான் ஆளுங்கள ரொம்ப கொழப்பறது. அவருக்கு மேல கேபினட் மந்திரி யாரும் கெடையாது, அமைச்சகம் முழுசா அவரோடது, ஆனா கேபினட்ல எடம் கெடையாது, தன் அமைச்சகத்து விஷயம் வந்தா அன்னைக்கு மட்டும் கூப்பிடுவாங்க. துணை அமைச்சர்னு இன்னும் கீழ ஒரு படி இருந்துச்சு, இப்ப யாரையும் அப்படி போடறதில்ல. 1956 அரியலூர் ரயில் விபத்துல லால் பகதூர் சாஸ்திரி ராஜினாமா பண்ணினது எல்லாருக்கும் தெரியும், அப்போ அவருக்குக் கீழ ரயில்வே துணை அமைச்சரா இருந்தவரு நம்ம ஓ.வி. அழகேசன், நம்மூரு மேடைங்கள்ல அடி வாங்கினது அவரு பேருதான்.

கேபினட் மந்திரியும் இணை மந்திரியும் வேற வேற கட்சியா கூட இருக்கலாம். சேலம் ரயில்வே கோட்டம் 2007 நவம்பர்ல வந்தப்போ ரயில்வே கேபினட் மந்திரி லாலு, இணை அமைச்சர் பாமகவோட அரங்க. வேலு. பாலக்காட்டு கோட்டத்த வெட்டாதீங்கன்னு கேரளாவுல என்ன ஆட்டம் ஆடினாங்கன்னு ஞாபகம் இருக்கும். அப்ப இங்க எல்லாரும் வேலுவாலதான் வந்துச்சுன்னு பேசினாங்க, அரசியலா பாத்தா அவரு பங்கு இருக்கலாம், ஆனா இணை அமைச்சர் தனியா ஒரு கோட்டத்த உருவாக்க முடியாதுங்க, கேபினட் மந்திரி எந்த வேலைய பிரிச்சு குடுக்கறாரோ அந்த ஃபைல்தான் இணை மந்திரி மேஜைக்கு வரும்.

சரி, இப்ப அமைச்சகத்துக்குள்ள போவோம். ஒரு அமைச்சகத்துக்குள்ள பல துறை இருக்கும். நிதி அமைச்சகத்துல மட்டும் ஆறு துறை, பொருளாதார விவகாரம், செலவினம், வருவாய், நிதிச் சேவை, முதலீடு மற்றும் பொதுச் சொத்து மேலாண்மை, பொதுத்துறை நிறுவனம். ஒவ்வொரு துறைக்கும் ஒரு செயலாளர், அவருதான் அந்த துறையோட நிர்வாகத் தலைவர். அவருக்குக் கீழ கூடுதல் செயலாளர், இணைச் செயலாளர், இயக்குநர் இல்லன்னா துணைச் செயலாளர், சார்புச் செயலாளர், கடைசில செக்ஷன் ஆபீசர். நம்ம மனு மொதல்ல வந்து விழறது கீழ இருக்கற செக்ஷன்ல, அங்க ஒருத்தர் ஃபைல் போட்டு நாலு வரி நோட் எழுதினாத்தான் மேல ஏறும். மந்திரிக்கு அனுப்பினாலும் கீழதான் வரும், அதனால மந்திரிக்கு எழுதறது தப்புன்னு சொல்லல, அதோட ஒரு காப்பி சம்பந்தப்பட்ட இணைச் செயலாளர் பேருல போச்சுன்னா வேலை சுருக்கா நடக்கும். ஒவ்வொரு அமைச்சக வெப்சைட்லயும் யாருக்கு என்ன வேலைன்னு பட்டியல் போட்டிருப்பாங்க, அதுல காபின்னு தேடுங்க, ஜவ்வரிசின்னு தேடுங்க, எந்த பிரிவுன்னு தெரிஞ்சிடும். ரயில்வே மட்டும் இதுல தனி ரகம், அங்க மத்த அமைச்சகம் மாதிரி செயலாளர் தலைவரா இருக்க மாட்டாரு, ரயில்வே வாரியத் தலைவர்தான் எல்லாம்.

எல்லாத்துக்கும் மேல கேபினட் செயலாளர். நாட்டுலயே பெரிய அதிகாரி அவருதான், 2024 ஆகஸ்ட் கடைசில அந்த நாற்காலிக்கு வந்த டி.வி. சோமநாதன் நம்ம தமிழ்நாடு கேடர் ஐஏஎஸ். அவருக்கு நேரா மனு போடற பழக்கம் சிலருக்கு இருக்கு, தயவுசெஞ்சு வேண்டாம், அந்த செயலகத்தோட வேலை அமைச்சகங்கள ஒண்ணா ஓட்டறது, உங்க பிஎஃப் பணம் வர வைக்கறது இல்ல.

இப்ப பட்டியல் விஷயத்துக்கு வரேன், இதுதான் முக்கியம். அரசியலமைப்பு 77வது பிரிவு 3வது உட்பிரிவுல குடியரசுத் தலைவர் விதி போட்டு வேலைய மந்திரிங்களுக்கு பிரிச்சுக் குடுக்கணும்னு இருக்கு. அதன்படி 1961 ஜனவரில ரெண்டு விதித்தொகுப்பு வந்துச்சு. ஒண்ணு அலுவல் ஒதுக்கீட்டு விதிகள், எந்த விஷயம் எந்த துறைக்குன்னு சொல்றது. இன்னொண்ணு அலுவல் நடத்தை விதிகள், எந்த முடிவ மந்திரி தனியா எடுக்கலாம், எத கேபினட்டுக்கு கொண்டுபோகணும்னு சொல்றது. ரெண்டுமே கேபினட் செயலகம் வெப்சைட்ல பிடிஎஃப்பா கெடக்கு, காசு கெடையாது. அலுவல் ஒதுக்கீட்டு விதிகள்ல மொதல் அட்டவணை அமைச்சகங்களோட பேரு, ரெண்டாவது அட்டவணைதான் சரக்கு, ஒவ்வொரு துறைக்கும் கீழ நம்பர் போட்டு விஷயம் விஷயமா எழுதியிருக்கும். வர்த்தகத் துறைக்குக் கீழ தேடினா காபி, தேயிலை, ரப்பர்னு வரிசையா வரும், இன்ஸ்டன்ட் காபிக்குன்னு தனியாவே ஒரு வரி இருக்கும். படிக்க சுவாரஸ்யம் இருக்காது, மளிகைக்கடை சிட்டை மாதிரி இருக்கும், ஆனா மனு எழுதறவனுக்கு இத விட உபயோகமான ஆவணம் கெடையாதுங்க.

பிடிஎஃப்ப தொறக்கறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி கேட்டுக்கோங்க, இது டெல்லி வேலையா, சென்னை வேலையா? ஏழாவது அட்டவணைல மத்தியப் பட்டியல், மாநிலப் பட்டியல், பொதுப் பட்டியல்னு மூணு இருக்கு. பட்டா, ரேஷன் கார்டு, சேலம் கவர்மென்ட் ஆஸ்பத்திரி, போலீஸ் ஸ்டேஷன், ஜவ்வரிசி விக்கற சேகோசர்வ் சொசைட்டி, ஏற்காட்டு மலைப்பாதைல சுவர் சரிஞ்சது, இதெல்லாம் மாநிலம், டெல்லிக்கு எழுதினா இது மாநில அரசு விஷயம்னு ரெண்டு வரில மூடிடுவாங்க. பாஸ்போர்ட்னா வெளியுறவு அமைச்சகம், பிஎஃப்னா தொழிலாளர் அமைச்சகம், ஆதார்னா மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்பம், பான் கார்டுனா நிதி. வாக்காளர் அட்டை எந்த அமைச்சகமும் இல்ல, தேர்தல் ஆணையம் தனி, கேபினட்டுக்கு கட்டுப்பட்டது இல்ல. ஜிஎஸ்டி விகிதத்த கூட நிதி மந்திரி தனியா மாத்த முடியாது, ஜிஎஸ்டி கவுன்சில்ல மாநில மந்திரிங்களும் உக்காந்துதான் முடிவு, அதனால ஜவ்வரிசிக்கோ கொலுசுக்கோ வரி கொறைக்கணும்னா டெல்லி நிதி அமைச்சகத்துக்கும் சென்னைக்கும் ரெண்டு எடத்துக்கும் எழுதணும்.

ஒரு தோட்டத்த எடுத்துப்போம். ஏற்காட்டுல ஒரு சாதாரண எஸ்டேட், காபி இருக்கு, நெழலுக்கு நிக்கற சில்வர் ஓக் மரத்துல மிளகுக்கொடி ஏறியிருக்கு, ஓரத்துல ஆரஞ்சு, பலா. காபி வர்த்தக அமைச்சகம். மிளகு ஏற்றுமதின்னா அதுவும் அங்கதான், ஆனா காபி வாரியம் இல்ல, நறுமணப் பொருள் வாரியம், வேற ஆபீசு. ஆரஞ்சும் பலாவும் தோட்டக்கலை, அது வேளாண் அமைச்சகம், அதுவும் பணம் வர்றது மாநிலத் தோட்டக்கலைத் துறை வழியா. அந்த சில்வர் ஓக்க வெட்டணும்னா மாநில அரசோட அனுமதி. காட்டெருமை வந்து காபிச்செடிய மிதிச்சுட்டுப் போச்சுன்னா வனவிலங்கு சட்டம் டெல்லி சுற்றுச்சூழல் அமைச்சகத்தோடது, நஷ்டஈடு குடுக்கறது சேலம் வனத்துறை. வேலையாளுக்கு தொழிலாளர் சட்டம்னா தொழிலாளர் அமைச்சகம் எழுதின சட்டம், மாநிலம் அமல்படுத்தறது. நாலு ஏக்கருக்குள்ள இத்தனை கதவு. "ஏனுங்க தம்பி, ஒரே மனுவுல எல்லாத்தையும் எழுதிப் போட்டா பிரிச்சு அனுப்பிக்க மாட்டாங்களா?" ன்னு பெரியவங்க கேப்பாங்க. மாட்டாங்கய்யா. மொதல் விஷயத்துக்கு எந்த துறையோ அது பதில் சொல்லிட்டு மத்தது எங்க வேலை இல்லன்னு மூடிடும். ஒரு மனு, ஒரு விஷயம், ஒரு துறை, இத மட்டும் விடாம புடிங்க.

சேர்வராயன் மலைல இருக்கற மலையாளிங்கற பழங்குடி மக்களோட காட்டு உரிமை விஷயம் இதை விட நல்ல உதாரணம். காடுன்னா சுற்றுச்சூழல், வனம் அமைச்சகம்னுதானே தோணும்? 2006 மார்ச்ல அலுவல் ஒதுக்கீட்டு விதிகள திருத்தி, காட்டுல வாழற பழங்குடி மக்களோட காட்டு நில உரிமைய பழங்குடியினர் நல அமைச்சகத்துக்கு மாத்திட்டாங்க, அதே வருஷக் கடைசில வன உரிமைச் சட்டமும் வந்துச்சு. வனத்துறை கிட்டயே வன உரிமைய குடுத்தா என்ன நடக்கும்னு தெரிஞ்சு பண்ணின வேலை அது, என்னைக் கேட்டா அந்த சட்டத்துலயே பாதி பலம் அந்த ஒரு ஒதுக்கீட்டு மாற்றத்துலதான் இருக்கு. அதனால வன உரிமைப் பட்டா விஷயத்துல டெல்லிக்கு எழுதறவங்க பழங்குடியினர் நல அமைச்சகத்துக்கு எழுதுங்க. மனுவ ஏத்துக்கறதும் பாஸ் பண்றதும் கிராமசபை, கோட்டக்குழு, மாவட்டக்குழுன்னு இங்கதான் நடக்கும், அங்க எழுதறது சட்டம் சரியா நடக்கலன்னு சொல்லத்தான்.

அமைச்சகங்க பொறக்கும், சேரும், பிரியும், அதனால பழைய லெட்டர்பேட பாத்து விலாசம் எழுதாதீங்க. மோகன் குமாரமங்கலம் காலத்துல எஃகும் சுரங்கமும் ஒரே கூரைல இருந்துச்சு, இப்ப ரெண்டும் தனித்தனி, அதனால உருக்காலை பிரச்சினைனா எஃகு அமைச்சகம், மேக்னசைட் மாதிரி சுரங்கக் கொள்கைனா சுரங்க அமைச்சகம். மேட்டூர் தண்ணி விஷயம் முன்னாடி நீர்வளம்னு இருந்தது, 2019ல குடிநீரையும் சேத்து ஜல்சக்தின்னு ஆக்கிட்டாங்க, காவிரி மேலாண்மை ஆணையமும் அதுக்குக் கீழதான் வருது. கூட்டுறவு 2021 வரைக்கும் வேளாண் அமைச்சகத்துல ஒரு மூலைல இருந்துச்சு, இப்ப தனி அமைச்சகம். கைத்தறி ஜவுளி அமைச்சகம், சேலத்துல இருக்கற கைத்தறித் தொழில்நுட்பக் கல்வி நிறுவனமும் அவங்களோடது. வெள்ளிக் கொலுசுக்கு ஹால்மார்க் விஷயம்னா நுகர்வோர் விவகாரம், ஏன்னா தரம் பாத்து முத்திரை குடுக்கற பிஐஎஸ் அங்க இருக்கு. புவிசார் குறியீடுன்னா மறுபடி வர்த்தகம் மற்றும் தொழில், அதுலயும் வர்த்தகத் துறை இல்ல, தொழில் பக்கம் இருக்கற துறை. ஜவ்வரிசில கலப்படம்னா உணவுப் பாதுகாப்பு பாக்கற எஃப்எஸ்எஸ்ஏஐ, அது சுகாதார அமைச்சகம்.

இனி பெரிய விஷயம், கேபினட் வரைக்கும் போறது. எல்லா முடிவும் கேபினட்டுக்கு போகாது, பெரும்பாலான வேலைய மந்திரியும் செயலாளரும் முடிச்சிடுவாங்க. புது சட்டம், பெரிய செலவு, ரெண்டு அமைச்சகம் ஒத்துப்போகாத விஷயம், இதெல்லாம்தான் மேல போகும். போற விதம் இப்படி. சம்பந்தப்பட்ட அமைச்சகம் கேபினட் நோட் ஒண்ணு தயார் பண்ணும், அத சம்பந்தம் இருக்கற மத்த அமைச்சகத்துக்கெல்லாம் சுத்துக்கு விடும், செலவு இருந்தா நிதி அமைச்சகம் கருத்து சொல்லணும், மசோதான்னா சட்ட அமைச்சகம் பாக்கணும், எல்லா கருத்தையும் நோட்லயே சேத்து கேபினட் செயலகத்துக்கு அனுப்புவாங்க, தேவைப்பட்டா செயலாளர்கள் குழு உக்காந்து சண்டைய தீப்பாங்க, அப்புறம்தான் கூட்டத்துக்கு வரும். வழக்கமா புதன்கிழமை. கூட்டத்துக்குள்ள ஓட்டெடுப்பு எல்லாம் கெடையாது, பேசி முடிச்சா அது எல்லாருடைய முடிவு. முடிஞ்சதும் ஒரு மந்திரி வந்து பிரஸ்கிட்ட சொல்வாரு, பிஐபின்னு சொல்ற அரசோட செய்திப் பிரிவுல அறிக்கை வரும், தமிழ்லயும் போடுவாங்க. உங்க கோரிக்கை எங்க நிக்குதுன்னு பாக்க டிவி விவாதத்த விட அந்த அறிக்கைய படிங்க, கடைசி பாராவுல எவ்ளோ பணம், எத்தனை வருஷம்னு இருக்கும்.

முழு கேபினட்டும் எல்லாத்தையும் பாக்காது, அதுக்கு கேபினட் குழுக்கள்னு இருக்கு. பாதுகாப்புக்கு ஒண்ணு, அதுல பிரதமர், உள்துறை, பாதுகாப்பு, நிதி, வெளியுறவு அஞ்சு பேருதான். பெரிய அதிகாரி நியமனத்துக்கு ஒண்ணு, அதுல பிரதமரும் உள்துறை மந்திரியும் மட்டும். பொருளாதாரம், அரசியல், நாடாளுமன்றம், வீட்டு ஒதுக்கீடு, முதலீடு, வேலைவாய்ப்புன்னு மத்தது. மன்மோகன் சிங் காலத்துல ஒவ்வொரு விஷயத்துக்கும் சில மந்திரிங்கள மட்டும் சேத்து போட்ட குழுக்கள்னு (74வது பிரிவு சொல்ற அமைச்சர்கள் குழு இல்ல, இது வேற) இன்னொரு அடுக்கு காடு மாதிரி வளந்து கெடந்துச்சு, 2014 மே கடைசில மோடி வந்து 9 அதிகாரமிக்க குழு, 21 சாதா குழு மொத்தத்தையும் கலைச்சாரு. நல்லதுன்னு சிலர், அப்புறம் எல்லாம் பிரதமர் ஆபீசுக்குள்ளயே போயிடுச்சுன்னு சிலர், ரெண்டுலயும் உண்மை இருக்கு.

இதுல நமக்கு பட்ட எடம் சேலம் உருக்காலை. 1970ல இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினது, செயில்ங்கற மத்திய அரசு எஃகு நிறுவனத்தோட யூனிட், அமைச்சகம் எஃகு. 2019ல விக்கறதுக்கு விருப்பம் கேட்டு விளம்பரம் வந்தப்போ எல்லாரும் எஃகு மந்திரிய திட்டினாங்க. ஆனா பொதுத்துறை பங்க விக்கறத நடத்தறது நிதி அமைச்சகத்துல இருக்கற முதலீடு மற்றும் பொதுச் சொத்து மேலாண்மைத் துறை, அனுமதி குடுக்கறது பிரதமர் தலைமைல இருக்கற பொருளாதார விவகார கேபினட் குழு. எஃகு அமைச்சகம் மூணாவது ஆளு. சம்பளம், போனஸ், கான்ட்ராக்ட் தொழிலாளர் விஷயம்னா எஃகுக்கு எழுதுங்க, விக்காதீங்கன்னு எழுதணும்னா நிதி அமைச்சகத்துக்கும் எழுதணும். சென்னை எட்டுவழிச் சாலையும் அப்படித்தான், ரோடு போடறது சாலைப் போக்குவரத்து அமைச்சகம், சுற்றுச்சூழல் அனுமதி இன்னொரு அமைச்சகம், நெலத்த அளந்து குடுக்கறது மாநில வருவாய்த்துறை ஆளு. காமலாபுரத்துல இருக்கற சேலம் ஏர்போர்ட்ல விமானம் வரணும்னா டெல்லி, விரிவாக்கத்துக்கு நெலம் வேணும்னா சென்னை.

கேபினட்டுக்கு போகாமயே பிரதமர் முடிவெடுக்க ஒரு வழி இருக்கு, அலுவல் நடத்தை விதிகள்ல 12வது விதி. அவசரம்னா பிரதமர் விதிய தளர்த்தி முடிவெடுத்துட்டு அப்புறம் கேபினட் ஒப்புதல் வாங்கிக்கலாம். 2019 நவம்பர்ல மகாராஷ்டிராவுல விடியக்காலைல குடியரசுத் தலைவர் ஆட்சிய நீக்கினது இந்த விதிலதான்.

முடிவு ஆயிட்டா எந்த மந்திரியும் எனக்கு இதுல உடன்பாடு இல்லன்னு வெளிய சொல்ல முடியாது, சொல்லணும்னா ராஜினாமா பண்ணிட்டு சொல்லணும். 75வது பிரிவு மூணாவது உட்பிரிவுப்படி மொத்தக் குழுவும் லோக்சபாவுக்கு கூட்டா பொறுப்பு. 1999 ஏப்ரல் 17ம் தேதி வாஜ்பாய் அரசு 269க்கு 270னு ஒரே ஓட்டுல விழுந்துச்சே, அப்போ சேலம் எம்பி வாழப்பாடி ராமமூர்த்திதான் பெட்ரோலிய மந்திரி. அவரு இலாகாவுல யாரும் கொறை சொல்லல, ஓட்டெடுப்பு அவரு மேல இல்ல, ஆனாலும் எல்லாரோடயும் சேந்து அவரு பதவியும் போச்சு, தேர்தல் முடியற வரைக்கும் காபந்து மந்திரியாத்தான் இருந்தாங்க.

சரி, மனு எப்படி அனுப்பறது. தபால்ல அனுப்பலாம், ஆனா சிபிகிராம்ஸ்னு மத்திய அரசோட குறைதீர் போர்ட்டல் இருக்கு, அங்க போட்டா நம்பர் கெடைக்கும், யாரு மேஜைல இருக்குன்னு தெரியும். அங்க மொதல் கேள்வியே எந்த அமைச்சகம்னுதான், மேல சொன்ன பட்டியல் அங்கதான் கை குடுக்கும். பிரதமர் அலுவலகத்துக்கு போடறதும் இதே போர்ட்டலுக்குள்ள வந்து அதே அமைச்சகத்துக்குத்தான் எறங்கும். 2024ல வந்த வழிகாட்டுதல்படி 21 நாள்ல தீக்கணும், பதில் சரியில்லன்னா மேல்முறையீடு போடலாம், நெறைய பேரு அந்த மேல்முறையீட்டப் போடாம விட்டுடறாங்க, அத விடாதீங்க.

எந்த துறைன்னே கண்டுபுடிக்க முடியலையா, தகவல் உரிமைச் சட்டத்துல 10 ரூபா கட்டி கேளுங்க. தப்பான எடத்துக்கு போட்டாலும் 6வது பிரிவு 3வது உட்பிரிவுப்படி அஞ்சு நாள்ல சரியான எடத்துக்கு அவங்களே மாத்தி விடணும், மாத்தினேன்னு உங்களுக்கும் எழுதணும், அந்த லெட்டர்லயே எந்த துறைன்னு வந்துடும். கேபினட் நோட்ட கேட்டா முடிவு எடுத்து முடியற வரைக்கும் குடுக்க மாட்டாங்க.

கடைசி வழி எம்பி. இங்க ஒரு சங்கதி கவனிக்கணும், சேலம் மாவட்டத்துக்காரங்க எல்லாருக்கும் சேலம் எம்பி இல்ல. ஏற்காடு, ஆத்தூர், கெங்கவல்லி கள்ளக்குறிச்சி தொகுதில வருது, மேட்டூர் தர்மபுரில, சங்ககிரி நாமக்கல்ல. உங்க எம்பி ஆபீசுக்குப் போய் எங்க ஊருக்கு நல்லது பண்ணுங்கன்னு பொதுவா சொல்லாதீங்க, நாடாளுமன்றத்துல கேக்கற மாதிரி கேள்வியாவே எழுதிக் குடுங்க. எந்த அமைச்சகத்துக்குன்னு மேல போடணும், ஏன்னா அமைச்சகங்கள அஞ்சு குரூப்பா பிரிச்சு ஒவ்வொரு குரூப்புக்கு ஒரு கெழமைன்னு வெச்சிருக்காங்க, வர்த்தகத்துக்கான கேள்விய வேளாண்மைக்கு போட்டா அந்த கெழமையே போச்சு. கேள்வி 150 வார்த்தைக்குள்ள இருக்கணும், குறைஞ்சது 15 நாள் முன்னாடி நோட்டீஸ் குடுக்கணும், அதனால கூட்டத்தொடர் தேதி அறிவிச்ச வாரமே எம்பியோட உதவியாளர் கைல குடுத்துடுங்க, சபையில மந்திரி வாயால பதில் சொல்ற நட்சத்திரக் கேள்விக்கு சீட்டு விழலன்னாலும் எழுத்துல பதில் வர்ற கேள்வியா போட சொல்லுங்க, அந்த பதில் லோக்சபா வெப்சைட்ல அமைச்சகம் பேரோட ஏறிடும், அடுத்த மனுவுல அந்த கேள்வி நம்பரையும் தேதியையும் போட்டு எழுதலாம்.